விதைக்கும் முன்பே ஆர்டர்: ஊர்க் காய்கறிக் கூட்டுறவைத் தொடங்கி நடத்துவது எப்படி

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இறங்கும் காயில் பெரும்பங்கு கேரளத்துக்கு லாரி ஏறிவிடுகிறது. அதே திண்டுக்கல் மாவட்டத்துச் சிறுநகரத்தில் ஒரு வீட்டுக்கு வந்து சேரும் வெண்டைக்காயோ இரண்டு மூன்று கை மாறி, நுனி கறுத்து வருகிறது. தோட்டத்துக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே 15 கிலோமீட்டர்கூட இருக்காது. பக்கத்துப் பள்ளியின் சத்துணவுக் கூடத்திலும் இதே கதைதான். விவசாயி, வீடு, பள்ளி ஆகிய மூன்றையும் நேராகச் சேர்ப்பதுதான் ஊர்க் காய்கறிக் கூட்டுறவு.

தொடங்கும்போதே ஒன்றில் உறுதியாக இருங்கள்: இது கடை அல்ல. கடைக்காரர் வாங்கி அடுக்கிவிட்டு ஆள் வரக் காத்திருப்பார், மீந்ததைக் கழிப்பார். கூட்டுறவில் முதலில் வாங்குபவர், அடுத்து அளவு, அதற்குப் பிறகுதான் விதை. வரிசை மாறினால் மூன்றே மாதத்தில் விவசாயி மண்டிக்கே திரும்பிவிடுவார்.

வீடுகளைத் திரட்டுவது

குறைந்தது 70 வீடு வேண்டும். 100 இருந்தால் மூச்சுவிடலாம். அவை ஊர் முழுக்கச் சிதறி இருக்கக் கூடாது. நான்கைந்து தெருக்களில் கொத்துக் கொத்தாக இருக்கட்டும்; ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு வீட்டுத் திண்ணையோ கார் நிறுத்துமிடமோ இறக்குமிடமாக இருக்கட்டும். வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். அந்தக் கூலி விவசாயியின் பங்கிலிருந்துதான் போகும்.

“உங்களுக்கு என்ன காய் வேண்டும்?” என்று கேட்டால் எல்லோரும் தினமும் கீரை என்பார்கள். வாங்குவதோ வாரத்துக்கு ஒரு கட்டு. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு தாள் கொடுத்து, வாங்கிய காயையும் எடையையும் மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். அந்தத் தாள்களைக் கூட்டினால் வருவதுதான் உங்கள் உண்மையான தேவை.

பிறகு மூன்று மாத உறுதி வாங்குங்கள், ஒரு மாதப் பணம் முன்கூட்டியே. வாரம் 250 ரூபாய்க்குச் சுமார் 5 கிலோ பை என்று வைத்துக்கொள்வோம்: தக்காளி 1 கிலோ, சின்ன வெங்காயம் அரைக் கிலோ, வெண்டை, கத்தரி தலா அரைக் கிலோ, சுரை, புடலை, பூசணி இவற்றில் ஏதாவது ஒன்றரைக் கிலோ, இரண்டு கட்டுக் கீரை, பச்சை மிளகாய், கொத்தமல்லி, கறிவேப்பிலை. பல்லாரி வெங்காயமும் உருளைக்கிழங்கும் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வருபவை. பையில் சேர்க்காதீர்கள், கேட்பவர்களுக்கு வேண்டுமானால் தனிப் பட்டியலில், ‘வெளியூர்’ என்று எழுதியே கொடுங்கள். மண்டிக் காயை ஊர்க் காய் என்று ஒருமுறை கலந்தால்கூடப் பேர் கெட்டுவிடும்.

விதைப்புப் பட்டம் போடுவது

100 வீட்டுக்கு வாரம் 50 கிலோ வெண்டை. நன்றாகக் காய்க்கும் நாளில் இதற்கு 10 சென்ட் போதும். இதைச் சொல்லாமல் “வெண்டை போடுங்கள்” என்றால் அவர் அரை ஏக்கர் போடுவார், நீங்கள் கையைப் பிசைவீர்கள். ஆகவே ஒவ்வொரு விவசாயியிடமும் பயிர், சென்ட் கணக்கு, விதைக்கும் தேதி, வாரத்துக்கு எடுக்கும் கிலோ ஆகிய நான்கையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 12 முதல் 15 பேர் இருந்தால் 100 வீட்டுக்கும் ஒரு பள்ளிக்கும் சமாளிக்கலாம்.

ஒரு பயிருக்கு எப்போதும் இரண்டு பேர். ஒருவர் கிணறு வற்றினாலோ தோட்டத்தில் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் வந்தாலோ மற்றவர் கைகொடுப்பார். இருவரும் ஒரே நாளில் விதைக்கக் கூடாது. 15 முதல் 20 நாள் இடைவெளி வேண்டும். சிறுகீரையும் அரைக்கீரையும் 25 நாளில் கைக்கு வரும். வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். சின்ன வெங்காயத்துக்கு 70 நாள், நட்ட தக்காளிக்கு 60 முதல் 70 நாள். பூசணிக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆகும், ஆனால் பறித்த பிறகு வாரக்கணக்கில் கெடாது. கையிருப்புக்கு அதைவிடத் தோதான காய் கிடையாது.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இடறுவது வெண்டையில்தான். வெண்டையை ஒன்றுவிட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும். நான்கு நாள் விட்டால் முற்றி நாராகிவிடும். முற்றிய காயைச் செடியில் விட்டால் அடுத்த பூவும் குறையும். நீங்கள் சனிக்கிழமை மட்டும் எடுத்தால் வாரத்தில் மற்ற இரண்டு பறிப்பு எங்கே போகும்? வழி இரண்டு. செவ்வாய், சனி என வாரம் இருமுறை இறக்குவது. இடையில் பறிப்பதற்கு உழவர் சந்தை. 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையில் அடையாள அட்டை உள்ள விவசாயி நேராக விற்கலாம். உங்கள் உறுப்பினர் ஒவ்வொருவரும் அந்த அட்டையை முதல் மாதமே வாங்கி வைத்திருக்கட்டும். விளைந்தது அத்தனையையும் கூட்டுறவுக்கே தர வேண்டும் என்று விதி போடாதீர்கள். விளைச்சலில் பாதிக்கு நிச்சயமான விலை கிடைத்தாலே அவருக்குப் பெரிய தெம்பு.

விலை

உழவர் சந்தையில் மொத்த விலையைவிடச் சுமார் 20 விழுக்காடு கூடுதலாகவும் வெளிச் சில்லறையைவிடச் சுமார் 15 விழுக்காடு குறைவாகவும் விலை வைப்பது வழக்கம். அந்தப் பலகை விலைகளைப் போன வருடத்து இதே மூன்று மாதத்துக்குச் சராசரி எடுங்கள். அதையொட்டிப் பருவம் முழுவதற்கும் ஒரே விலையை விவசாயிகளோடு உட்கார்ந்து பேசி முடியுங்கள்.

ஒரே விலை என்றால் இரண்டு பக்கமும் சோதனை வரும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அப்படியொரு வாரத்தில் பேசி முடித்த 22 ரூபாய்க்கே உங்களுக்குத் தர எந்த விவசாயிக்கும் மனம் வராது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அதே தக்காளி கிலோ 8 ரூபாய்க்கு இறங்கும் மாதத்தில் வீட்டுக்காரர் தள்ளுவண்டியைப் பார்ப்பார். எனவே விதியை முதலிலேயே எழுதுங்கள். சந்தை விலை ஒப்பந்த விலையைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டினால், தாண்டிய தொகையில் பாதி விவசாயிக்கு. ஒப்பந்தம் 22, சந்தை 84 என்றால் 44-க்கு மேல் உள்ள 40-இல் பாதி, அதாவது 20 ரூபாய் சேர்ந்து கிலோவுக்கு 42. அந்த வாரம் பையில் தக்காளி அரைக் கிலோவாகக் குறையும், பை விலை மாறாது. விலை சரியும்போது வீட்டுக்காரர் 22-ஐயே தருவார். இதைப் புரியவைக்காமல் யாரையும் உறுப்பினராகச் சேர்க்காதீர்கள்.

இனி பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். 100 வீடு, 250 ரூபாய், வாரம் 25,000. இதில் 18,000 விவசாயிகளுக்கு. மீதி 7,000: வண்டி 1,800, தரம் பிரித்துப் பை கட்டும் நால்வருக்குக் கூலி 2,000, கணக்கும் ஆர்டரும் பார்ப்பவருக்கு 1,200, கழிவு 1,000, கிரேட் (காய்ப் பெட்டி), பை தேய்மானம் 400, சேமநிதி 600. இதே கணக்கை 40 வீட்டுக்குப் போட்டால் செலவுக்குக் கிடைப்பது 2,800தான். வண்டிக்கே 1,800 போய்விட்டால் கூலிக்கு எங்கே போவது? அதனால்தான் 70 வீடு என்று முதலிலேயே சொன்னோம். வீடு குறைவாக இருந்தால் காலையில் வெறுமனே திரும்பும் பால் வண்டியைப் பேசிப் பாருங்கள். வாரம் இருமுறை இறக்குவதென்றால் பையை இரண்டாகப் பிரிக்காமல் வீடுகளை இரண்டாகப் பிரியுங்கள். வண்டிக்கும் பை கட்டும் கூலிக்கும் இரண்டு நடைக் கணக்குப் போடுங்கள்.

அறுவடை நாள்

ஆர்டர் வியாழன் இரவு 8 மணிக்கு மூடும். வாட்ஸ்அப் குழுவில் எண்ணும் வேலையை விட்டுவிட்டு ஒரு கூகுள் படிவம் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி காலை ஒவ்வொரு விவசாயிக்கும் கிலோ கணக்கு போய்விட வேண்டும், குறுஞ்செய்தியோடு ஒரு போன் அழைப்பும். வெள்ளி மாலை பறிப்பு, கீரை மட்டும் சனி விடியலில்.

கீரையை வேரோடு பிடுங்கி, மண்ணை அலசி, தண்ணீரை நன்றாக வடியவிட்டுக் கட்டுங்கள். ஈரச் சாக்கு விரித்த கிரேட்டில் வேர் கீழே, இலை மேலே இருக்கும்படி நிற்கவைத்தே அடுக்க வேண்டும். படுக்கப்போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தினால் நடுக்கட்டு சூடேறி, இரண்டு மணி நேரத்தில் அவிந்த வாடை வரும். வெண்டையில் தண்ணீர் படவே கூடாது. ஈரம் பட்ட இடம் கறுக்கும், கொழகொழக்கும். வெங்காயமும் அப்படித்தான். தக்காளியைச் செங்காயாக, காம்புக்கு எதிர்ப்பக்கம் பச்சை மாறும் பருவத்தில் பறியுங்கள். கிரேட்டில் 20 கிலோ கொள்ளும் என்றாலும் 15-க்கு மேல் போடாதீர்கள், அடியில் உள்ளது நசுங்கும். பழுக்கும் தக்காளியோடும் வாழைப்பழத்தோடும் கீரையை ஒரே வண்டியில் மூடி வைத்தால் கீரை மஞ்சளிக்கும். தார்ப்பாயின் ஒரு பக்கத்தைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள்.

இறக்கியதும் விவசாயி முன்னாலேயே எடை போட்டு, கழித்ததை அவர் கண்ணில் காட்டிச் சீட்டு எழுதுங்கள். மண்டியில் அவர் வெறுப்பது விலையைவிடச் சாக்குக்கு, ஈரத்துக்கு, சொத்தைக்கு என்று கேட்காமல் அடிக்கும் கழிவைத்தான். பணம் அன்று மாலைக்குள் வங்கிக் கணக்கில் விழ வேண்டும்.

மருந்து அடித்தால் தேதி, மருந்தின் பெயர், அட்டையில் போட்டிருக்கும் காத்திருப்பு நாட்கள் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நாள் முடியாத காயை எடுக்காதீர்கள், பை குறைந்தாலும் சரி. ‘இயற்கை’ என்று எழுதுவதானால் அதற்குச் சான்று வேண்டும். ஐந்து விவசாயிகள் சேர்ந்தாலே பி.ஜி.எஸ். (விவசாயிகளே ஒருவரையொருவர் சரிபார்த்துச் சான்றளிக்கும் முறை) குழு அமைக்கலாம்.

பள்ளி

பி.எம். போஷன் என்ற மத்திய அரசின் பள்ளி மதிய உணவுத் திட்ட அளவுப்படி ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்குத் தொடக்கப் பள்ளியில் 50 கிராம் காய், 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை 75 கிராம். 120 பிள்ளைகள் உள்ள தொடக்கப் பள்ளிக்கு நாளுக்கு 6 கிலோ, வாரம் 30 கிலோ. தோல், விதை, தண்டு கழிந்து 6 கிலோ தட்டில் சேர வேண்டுமானால் பூசணி 8 கிலோவாவது அனுப்ப வேண்டும். தண்டுக்கீரை என்றால் அதைவிடக் கூட.

முதலில் போய்ப் பேச வேண்டியவர் சத்துணவு அமைப்பாளர். அவருக்குக் காய் வாங்க வரும் தொகை சிறியது, வருவதும் தாமதமாகலாம். ஊராட்சி ஒன்றியத்துப் பள்ளியென்றால் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகே தொடங்குங்கள். அந்தத் தொகைக்குள் பை விலையில் தர முடியாது. வளைந்த புடலை, அளவுக்கு மீறிப் பெருத்த சுரை, உருவம் சரியில்லாத கத்தரி ஆகியவற்றைப் பை கட்டும்போதே தனியாக எடுத்து, பாதி விலைக்குக் கொடுங்கள். சமையலில் ருசி ஒன்றுதான். அழுகல், முற்றல், அடிபட்டது மட்டும் பள்ளிக்குப் போகவே கூடாது. முருங்கைக்கீரை இந்தப் பகுதியில் மலிவு, பிள்ளைகளுக்கு மிக நல்லது. ஆனால் ஆய்ந்து கொடுத்தால்தான் சமையலர் எடுத்துக்கொள்வார்; சமையல் கூடத்தில் இரண்டு பேர் சேர்ந்து 120 பிள்ளைகளுக்கு ஆய்வது அவரவர் வேலைக்கு நடுவே நடக்காத காரியம். ஒரு மகளிர் குழுவுக்கு அந்தக் கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்துக்கும் சாம்பாருக்குக் காய் வேண்டும். அங்கே விடியலில் அடுப்பு மூட்டுவார்கள், ஆகவே முந்தின நாள் மாலையே காய் இறங்கியிருக்க வேண்டும்.

பள்ளிப் பணம் தாமதமானாலும் விவசாயியின் பணம் தாமதமாகக் கூடாது. இரண்டு மாதப் பள்ளிக் காயின் விலை சேமநிதியில் சேர்ந்த பிறகே பள்ளியைச் சேருங்கள்.

பதிவும் முத்திரையும்

உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்குப் பத்து விவசாயிகள் போதும், ஆனால் அதில் உற்பத்தியாளர்தான் உறுப்பினராக முடியும். வீட்டுக்காரர்களுக்கும் ஓட்டு வேண்டுமென்றால் 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்படி சங்கமாகப் பதிவதே பொருத்தம். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. ஒரு பருவம் நடத்திப் பார்த்துவிட்டுப் பதிவுக்குப் போங்கள், ஆனால் இருவர் கையெழுத்தில்லாமல் பணம் எடுக்க முடியாத வங்கிக் கணக்கு முதல் நாளே வேண்டும்.

தன் தோட்டத்து விளைச்சலை விற்கும் விவசாயிக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. வாங்கி விற்கும் கூட்டுறவுக்குப் பொருந்தும், ஆகவே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) பதிவு எடுங்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு வருடந்தோறும் முத்திரை போட வேண்டும். பச்சைக் காய்க்கு ஜி.எஸ்.டி. இல்லை, அரிசி, பருப்பை லேபிள் ஒட்டிய பாக்கெட்டில் விற்றால் 25 கிலோ வரை 5 விழுக்காடு உண்டு.

வருடத்தின் மேடு பள்ளம்

மே மாதம் பள்ளி மூடும். பல வீடுகளும் ஊருக்குப் போகும். அந்த மாதம் அறுவடைக்கு வரும்படி விதைப்பதைப் பாதியாகக் குறைத்து, நிலத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழச் சொல்லுங்கள். புரட்டாசியில் காய் தேவை கூடும். அதற்கான வெண்டையும் கத்தரியும் ஆடிப்பட்டத்திலேயே கணக்கில் ஏற வேண்டும். பொங்கலுக்கு மொச்சை, அவரை, சர்க்கரைவள்ளி, பரங்கி, மஞ்சள் கொத்து என்று தனிப் பை போடலாம். அதற்கு ஆர்டரை மார்கழி பிறந்ததுமே வாங்கிவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கீரை அழுகும், தக்காளி வெடிக்கும். அந்த ஆறேழு வாரத்துக்கு இரண்டு கட்டுக் கீரைக்குப் பதிலாகப் பூசணித் துண்டும் சேனையும் வரும் என்று ஆர்டர் படிவத்திலேயே போடுங்கள். சேனைக்கு எட்டு மாதம் ஆகும் என்பதால் மாசி, பங்குனியிலேயே கிழங்கு ஊன்றியிருக்க வேண்டும்.