செஃப் கிளஸ்டருக்கு எஸ்எஸ்டி: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துத் தோல் கம்பெனிகளுக்கு மூன்று, நான்கு சர்வர்களை வைத்து பிராக்ஸ்மாக்ஸும் (ஒரே சர்வரில் பல கம்ப்யூட்டர்களை, அதாவது விஎம்களை, ஓட்டும் மென்பொருள்) செஃப்பும் (எல்லா சர்வர்களின் டிஸ்க்குகளையும் ஒரே சேமிப்பாக இணைத்து, டேட்டாவைப் பல காப்பிகளாக வைக்கும் மென்பொருள்) போட்டுத் தருவது என் வேலை. கொட்டேஷனைப் பார்த்ததும் முதலாளிகள் கேட்பது ஒன்றுதான்: "இன்னாண்ணா, அதே ரெண்டு டிபி ஆன்லைன்ல பாதி விலைக்குக் கெடைக்குதே?" கிடைக்கிறதுதான். வீட்டு லேப்டாப்புக்குத் தாராளமாக வாங்கலாம். செஃப்புக்கு வேண்டாம்.

செஃப் ஒவ்வொரு ரைட்டையும் "நிஜமாகவே பதிவாகிவிட்டதா" என்று டிஸ்க்கிடம் உறுதி கேட்டு வாங்கும். சாதாரண எஸ்எஸ்டி டேட்டாவைத் தன் மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு வேகம் காட்டுகிற ரகம். உறுதி கேட்டால், ஃபிளாஷ் சில்லு வரை போய் எழுதி முடித்த பிறகுதான் பதில் சொல்ல முடியும். பெட்டியில் லட்சக்கணக்கில் ஐஓபிஎஸ் (நொடிக்கு எத்தனை முறை படிக்க, எழுத முடியும் என்ற கணக்கு) போட்டிருக்கும் டிஸ்க் இங்கே சில நூறுக்கோ ஓரிரு ஆயிரத்துக்கோ இறங்கிவிடும். சர்வர் ரக எஸ்எஸ்டியில் கெபாசிட்டர்கள் இருக்கும். கரண்ட் போனாலும் மெமரியில் இருப்பதை ஃபிளாஷில் இறக்கி வைக்க அதிலுள்ள மின்சாரம் போதும். அந்தத் தைரியத்தில், மெமரிக்கு வந்ததுமே "ஆச்சு" என்று சொல்லிவிடுகிறது. இதைத்தான் பவர் லாஸ் புரொடெக்‌ஷன், சுருக்கமாக பிஎல்பி என்கிறோம்.

"எங்ககிட்ட யூபிஎஸ் இருக்கே" என்பார்கள். யூபிஎஸ் இருப்பது டிஸ்க்குக்குத் தெரியாது. அது மெதுவாகத்தான் பதில் சொல்லும். கரண்ட் பாதுகாப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், பிஎல்பிக்குக் காசு கொடுப்பது முக்கியமாக இந்த வேகத்துக்காக. மூன்று காப்பி வைக்கும்போது மூன்று டிஸ்க்கும் உறுதி சொன்னால்தான் ஒரு ரைட் முடியும். நடுவில் ஒரு மலிவு டிஸ்க்கைச் செருகினால் மற்ற இரண்டும் அதற்காகக் காத்துக் கிடக்கும்.

டேட்டாஷீட்டில் பிஎல்பி என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எம்.2 (மதர்போர்டிலேயே செருகும் சிறு அட்டை) வடிவத்தில் வாங்குவதானால் 2280 அளவில் (80 மி.மீ. நீளம்) பிஎல்பி உள்ளது அரிது, பெரும்பாலும் நீளமான 22110தான். உங்கள் மதர்போர்டில் அதற்கு இடம் இருக்க வேண்டும். நான் 2.5 அங்குல சாட்டா அல்லது யூ.2 (இரண்டும் டிஸ்க்கை இணைக்கும் வகைகள்) பக்கம்தான் போவேன். பழுதானால் கழற்றி மாட்டவும் சுலபம்.

சரி, கையில் வந்த டிஸ்க்கை எப்படிச் சோதிப்பது? எஃப்ஐஓ என்ற, டிஸ்க் வேகத்தை அளக்கும் மென்பொருள் போதும். அதில் வைக்க வேண்டிய அமைப்பு: பிளாக் 4கே, ஒரே ஜாப், கியூ ஆழம் 1, டைரக்ட், சிங்க் இரண்டும் 1, ரைட் மட்டும். டிஸ்க்கில் இருப்பது அழிந்துவிடும், காலி டிஸ்க்கில் மட்டும் ஓட்டுங்கள். பத்தாயிரம் ஐஓபிஎஸ்ஸைச் சுற்றியோ அதற்கு மேலோ வந்தால் நல்லது. ஆயிரத்தைத் தொடவில்லையா, கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். கேஷ் (டிஸ்க் வேகத்துக்காக வைத்திருக்கும் தற்காலிக இடம்) நிறைந்த பிறகு வருவதுதான் உண்மையான வேகம்.

அடுத்தது ஆயுள். சர்வர் டிஸ்க்குகளுக்கு இதை டிடபிள்யூபிடி என்று குறிப்பிடுவார்கள்: தினமும் முழு டிஸ்க்கையும் எத்தனை முறை எழுதலாம் என்ற கணக்கு. 1.92 டிபி, 1 டிடபிள்யூபிடி, 5 வருட வாரண்டி என்றால் மொத்தம் 3,504 டிபி எழுதலாம். வீட்டு ரக 1 டிபி டிஸ்க்குக்குப் பெரும்பாலும் 600 டிபிதான். உங்கள் தேவையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லா விஎம்மும் சேர்ந்து நாளுக்கு 400 ஜிபி எழுதுகிறது என்று வையுங்கள். மூன்று காப்பிக்கு 1,200. செஃப்பின் சொந்தக் கணக்குவழக்குக்கு இன்னொரு மடங்கு வைத்தால் 2,400. எட்டு டிஸ்க் என்றால் ஒன்றுக்கு 300 ஜிபி, அதாவது 0.16 டிடபிள்யூபிடி. 3 டிடபிள்யூபிடி டிஸ்க்கை உங்கள் தலையில் கட்டப் பார்த்தால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

கொள்ளளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நான்கு சர்வர், ஆளுக்கு இரண்டு 1.92 டிபி, மொத்தம் 15.36. மூன்றால் வகுத்தால் 5.12. ஒரு சர்வர் படுத்தால் மிச்சம் மூன்றில் எல்லாம் அடங்க வேண்டும், அப்போது 3.84. அதிலும் 85 சதவீதத்தில் செஃப் எச்சரிக்கும், 95இல் எழுதுவதையே நிறுத்திவிடும். ஆக, நம்பி வைக்கக்கூடியது 3.2 டிபிதான். இதைக் கொட்டேஷனிலேயே எழுதிக் கொடுத்துவிடுவேன், அப்புறம் வாக்குவாதம் இல்லை.

எல்லா டிஸ்க்கையும் ஒரே மாடலில், ஒரே லாட்டில் வாங்காதீர்கள். சில சாஸ் (சர்வர்களில் வரும் ஒரு இணைப்பு வகை) எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், ஃபர்ம்வேரை மாற்றுங்கள் என்று 2019இல் சர்வர் கம்பெனியான எச்பிஇ அறிவித்தது. அப்படி ஒரு கோளாறு இருந்தால், ஒரே நாளில் மாட்டிய டிஸ்க்குகள் ஒரே நாளில் போகும். மூன்று காப்பி இருந்தும் பயனில்லை. ஒரு சர்வருக்கு ஒரு கம்பெனி, அடுத்ததற்கு வேறு கம்பெனி என்று பிரித்துப் போடுங்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய சர்வர் டிஸ்க் வாங்குவதில் தப்பில்லை. புது வீட்டு டிஸ்க்கைவிட அதுவே மேல் என்பேன். ஸ்மார்ட் விவரத்தில் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைப்பது) எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். ஒன்று மட்டும் கவனம்: ஆயுள் தீர்ந்த சர்வர் எஸ்எஸ்டி கரண்ட் இல்லாமல் 40 டிகிரியில் 3 மாதம் டேட்டாவைக் காக்க வேண்டும் என்பதுதான் ஜெடெக் (சில்லு, மெமரித் தரங்களை வகுக்கும் அமைப்பு) விதி. நம்ம வேலூர் கத்திரி வெயிலில் பூட்டிய அறையே அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். பேக்கப்பை எஸ்எஸ்டியில் எடுத்து பீரோவில் வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

டிஸ்க்கை ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாக்கிக் காட்டும் கார்டு) வழியாகக் கொடுக்காமல், எச்பிஏ மோடில் (டிஸ்க்கை அப்படியே காட்டும் முறை) நேராகச் செஃப்பிடம் கொடுங்கள். ஒரு ஓஎஸ்டிக்கு (ஒவ்வொரு டிஸ்க்குக்கும் செஃப் ஓட்டும் புரோகிராம்) 4 ஜிபி ரேம் தனியாக ஒதுக்குங்கள்.