சூலகப் புற்றுநோய் பரவும் விதம்: நாம் விடுகிற தவறுகள்

“கத்தி வச்சா கென்சர் பரவிடும், சும்மா விட்டா அப்படியே கிடக்கும்.” ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத் தோட்டங்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. இதை நம்பி ஓப்பரேஷனைத் தள்ளிப்போடுவதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். சூலகப் புற்றுநோய் பரவுவதற்குக் கத்தி தேவையே இல்லை.

மார்புப் புற்றுநோய் பெரும்பாலும் நிணநீர், இரத்தம் வழியாகத் தூரத்து உறுப்புகளுக்குப் போகும். சூலகப் புற்றுநோய்க்கும் அந்த வழிகள் உண்டு, ஆனால் அதன் பெருவழி வேறு. வயிற்றறைக்குள் எப்போதும் கொஞ்சம் திரவம் இருக்கிறது. கட்டியிலிருந்து கழன்ற கலங்கள் அதில் விழுந்து மிதக்கும். நாம் மூச்சு விடும்போதும் குடல் அசையும்போதும் அந்தத் திரவம் நகரும். கலங்களும் கூடவே போய், வயிற்றறையின் உள்சவ்விலும் குடலுக்கு முன்னால் திரைபோலத் தொங்கும் கொழுப்பு மடிப்பிலும் ஒட்டிக்கொள்ளும். இப்படிக் கழல்வதிலும் ஒட்டுவதிலும் கலத்தின் மேற்பரப்பில் இருக்கும் ஒட்டுப் புரதங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. யாரும் வயிற்றைத் திறக்காமலே இவ்வளவும் நடந்துவிடும்.

அந்தப் பயத்தில் ஒரு துளி உண்மை இருப்பதையும் சொல்ல வேண்டும். சூலகத்துக்குள் அடங்கியிருக்கும் கட்டி ஓப்பரேஷனின்போது உடைந்து சிந்தினால், நோயின் கட்டம் 1சி ஆக உயர்ந்துவிடும். அதனால்தான் சந்தேகமான கட்டியில் ஊசி குத்தி நீர் எடுக்காமல், முழுசாக வெளியே எடுக்கப் பார்க்கிறார்கள். பழகிய கையால் ஓப்பரேஷன் செய்துகொள்ள இது ஒரு காரணம். வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணமல்ல.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் விடும் தவறு இன்னொன்று. “ஒட்டுப் புரதம் குறைந்தால் புற்றுநோய் பரவும், கூடினால் நிற்கும்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஈ-கதெரின் என்ற புரதம் பல புற்றுநோய்களில் குறைவது உண்மைதான். சூலகத்தில் கதை அப்படியே பொருந்தாது. ஆரோக்கியமான சூலகத்தின் மேற்படையில் அதே இனத்து இன்னொரு புரதமான என்-கதெரின்தான் அதிகம், ஈ-கதெரின் சொற்பம். கட்டி உருவாகும்போது பல நேரம் ஈ-கதெரின் புதிதாகத் தோன்றுகிறது.

பரவுவதற்கு விடுவதும் வேண்டும், பிடிப்பதும் வேண்டும் என்பது மலையில் அட்டைக்கடி பட்டவர்களுக்குச் சுலபமாக விளங்கும். அட்டை ஒரு முனையைப் பதித்துக்கொண்டு, மறுமுனையை நீட்டிப் பதித்து, பிறகு முதல் பிடியை விடும். எப்போது விடுவது, எங்கே பிடிப்பது என்பதில்தான் அதன் பிழைப்பே இருக்கிறது. இந்தக் கலங்களும் அப்படித்தான். தனியாக மிதக்கும் கலம் பிடிமானம் இல்லாமல் செத்துப்போகும். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சிறு உருண்டைகளாகத் திரண்டால் தாக்குப்பிடிக்கும். உருண்டையின் உள்ளே மருந்து இறங்குவதும் கடினம். சவ்வைத் தொட்டதும் வேறு புரதங்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. கலத்தின் இன்டெக்ரின்கள் சவ்விலுள்ள ஃபைப்ரோநெக்டினைப் பற்றுகின்றன, சீடி-44 அங்குள்ள ஹயலூரோனிக் அமிலத்தைப் பற்றுகிறது. அப்புறம் உருண்டை சவ்வுக் கலங்களை விலக்கிக்கொண்டு உள்ளே இறங்குகிறது.

அடுத்தது, பலரும் இரத்தப் பரிசோதனை ரிப்போட்டில் பார்த்துப் பயப்படும் சீஏ-125. அதை ‘கென்சர் நம்பர்’ என்று மட்டும் நினைக்கிறோம். அதுவும் இந்த ஒட்டும் வேலையில் கூட்டாளிதான். மியூசின்-16 என்ற பெரிய புரதத்தின் பகுதி அது. வயிற்றுச் சவ்விலுள்ள மெசோதெலின் என்ற புரதத்தோடு பிணைந்து கலம் ஒட்ட உதவுகிறது. இரத்தத்தில் 35 அலகுக்கு மேல் போனால் கவனிப்பார்கள். ஆனால் மாதவிடாய், கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படை போன்றது வெளியே வளர்வது), கருப்பைக் கட்டி, வயிற்றுக் காசநோய் இவற்றிலும் அது ஏறும். முதற்கட்டப் புற்றுநோயில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏறாமலும் இருக்கும். ஆகவே கூடிவிட்டது என்று இடிந்துபோவதும் தவறு, சரியாக இருக்கிறது என்று வயிற்று வீக்கத்தை மறப்பதும் தவறு. அறிகுறி இல்லாதவர்கள் வருடாவருடம் இதைப் பார்ப்பதாலும் பலனில்லை. பிரித்தானியாவில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடத்திய ஆய்வில், இப்படிப் பார்த்ததால் இறப்புக் குறையவில்லை என்று 2021இல் தெரியவந்தது.

பெப் ஸ்மியர் கருப்பைக் கழுத்துக்கான பரிசோதனை. சுகவனிதையர் கிளினிக்கில் அதைச் செய்து ‘நோர்மல்’ என்று வந்திருந்தாலும், அது சூலகத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

கொழுந்து பறிக்கும் அக்காமார் படங்கைச் சுற்றி இடுப்பில் கயிறு கட்டுவார்கள். கை காலெல்லாம் மெலிந்துகொண்டே போக, அந்தக் கயிறு மட்டும் வரவர எட்டாமல் போனால் அது சதை போட்டதல்ல. வயிறு உப்புவது, நாலு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிடுவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் போவது: இவை புதிதாக வந்து, மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருந்தால் ஸ்கேன் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ‘கெஸ்ட்ரைட்டிஸ்’ என்று டிஸ்பென்சரியில் குளிசை வாங்கி மாதக்கணக்கில் ஓட்டுவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. அரைநாள் பேர் (சம்பளம்) போய்விடும், பஸ் காசு இல்லை என்ற கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. என்றாலும் ஐம்பது வயது தாண்டிய அம்மாவுக்கு இந்த அறிகுறிகள் வந்தால் அந்த அரைநாளை வீட்டார் எப்படியாவது ஒதுக்கிக் கொடுக்கத்தான் வேண்டும். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் திரும்பி வரமாட்டார்கள் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. கண்டியிலும் பதுளையிலும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் புற்றுநோய்ச் சிகிச்சை இருக்கிறது.

ஒட்டுப் புரதத்தைத் தடுத்தால் நோய் நின்றுவிடும் என்பதும் அவசரக் கணக்கு. இன்டெக்ரின் ஒன்றைத் தடுக்கும் வோலோசிக்சிமாப் மருந்தை நோயாளிகளிடம் பரீட்சித்தபோது எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. ஒரு பிடியை அடைத்தால் கலத்துக்கு வேறு பிடிகள் இருக்கின்றன. நிலைமை இப்படியிருக்க, ‘ஒட்டுப் புரதத்தைக் கரைக்கும் கஷாயம்’ என்று காசு வாங்குபவர்களை நம்பிச் சிகிச்சையை விடாதீர்கள். ஓப்பரேஷனும் காபோபிளாட்டின், பக்லிடக்செல் மருந்துகளும்தான் இன்றைக்கும் அடிப்படைச் சிகிச்சை.

வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு அதை எடுத்ததும் மூச்சு வாங்குவது குறையும், சாப்பாடும் இறங்கும். அதைப் பார்த்து ‘சுகமாயிட்டுது’ என்று கிளினிக்கை நிறுத்துகிறார்கள். சவ்வில் ஒட்டிய கலங்கள் அங்கேயே இருக்கின்றன, நீர் மறுபடி சேரும். எடுத்த நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று டொக்டரிடம் கேளுங்கள். ரிப்போட் வந்ததும் ஒரு பிரதி எடுத்துக் கிளினிக் கொப்பியோடு வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அதைத்தான்.