காரின் கதவுகளில் டேம்பிங் ஷீட் ஒட்டுவது எப்படி?

சிறிய ஹேட்ச்பேக் கார் ஒன்றின் முன்கதவை நடுவில் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். காலி எண்ணெய் டின்னைத் தட்டியதுபோல் ‘டங்’ என்று ஒலித்து, இழுத்துக்கொண்டே போய் அடங்கும். அந்தக் கதவின் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனமுடையது. அதன் பெரும்பகுதி எந்தத் தாங்கலும் இல்லாமல் விரிந்து கிடக்கிறது. சாலையின் அதிர்வும், கதவிலேயே பொருத்தப்பட்ட ஸ்பீக்கரின் அதிர்வும் அதை ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கின்றன. அந்த அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட்டை இரண்டு முன்கதவுகளிலும் வீட்டிலேயே ஒட்டும் முறையை இங்கே விளக்குகிறேன். முதல்முறை செய்பவருக்கு ஒரு கதவுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் பிடிக்கும்; இரண்டாவது கதவு அதில் பாதி நேரத்தில் முடிந்துவிடும்.

டேம்பிங் ஷீட் ஒலியைத் தடுக்கும் சுவர் அன்று. அது தகடு அதிர்வதை நிறுத்தும் பொருள். ஒலிக்கும் பித்தளைத் தாம்பாளத்தின் மேல் ஒரு விரலை வைத்தாலே ஒலி அடங்கிவிடுகிறது. அதற்கு முழு உள்ளங்கையையும் பரப்ப வேண்டியதில்லை. கதவுத் தகடும் அப்படித்தான். பரப்பில் நான்கில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை மூடினாலே கிடைக்க வேண்டிய பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். இண்டு இடுக்கு விடாமல் முழுவதையும் மூடினால் கதவின் எடையும் செலவும் கூடுமே தவிர, காதுக்குத் தெரியும் வேறுபாடு குறைவு. கடைக்காரர் ‘நூறு சதவீதம் ஒட்டிவிடலாம்’ என்று சொல்வதில் அவருடைய கணக்கும் சேர்ந்திருக்கிறது.

ஷீட்டின் ஒரு பக்கம் பியூட்டைல் ரப்பர் பசை, மறுபக்கம் அலுமினியத் தாள். தகடு வளையும்போது, ஒருபுறம் தகட்டுக்கும் மறுபுறம் எளிதில் நீளாத அலுமினியத் தாளுக்கும் இடையில் ரப்பர் அகப்பட்டுக்கொண்டு பக்கவாட்டில் இழுபடுகிறது. அந்த இழுபாட்டில் அதிர்வின் ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது. இப்படி இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் சிக்கிய மென்மையான பொருள் அதிர்வை எவ்வாறு அடக்குகிறது என்பதை எட்வர்ட் கெர்வின் என்ற அமெரிக்க ஒலியியல் அறிஞர் 1959இல் கணக்கிட்டு வெளியிட்டார். ஆகவே அலுமினியத் தாள் அழகுக்காக ஒட்டப்பட்டதன்று. கையால் எளிதில் கிழியும் அளவுக்கு மெல்லிய தாள் உள்ள ஷீட்டையும், தாளே இல்லாத வெறும் ரப்பர் ஷீட்டையும் வாங்க வேண்டாம்.

பணம் செலவழிக்கும் முன் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். முதலாவது, டயரின் காற்றழுத்தமும் தேய்மானமும். ஒழுங்கின்றித் தேய்ந்த டயர் எழுப்பும் முனகலை எந்த ஷீட்டும் மறைக்காது. இரண்டாவது, கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங். ஒரு துண்டுக் காகிதத்தை இடையில் வைத்துக் கதவை மூடி, காகிதத்தை இழுத்துப் பாருங்கள். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பீடிங் படியவில்லை என்று பொருள். வேகம் கூடும்போது கேட்கும் காற்றின் சீறல் பெரும்பாலும் அப்படிப்பட்ட இடைவெளி வழியாகத்தான் வருகிறது. அதற்குத் தீர்வு புதிய பீடிங்தான்.

சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் ஷீட்களில் சில தார் கலந்தவை. தொழிற்சாலையில் கார்த் தரையின்மேல் படியவைக்கப்படும் தார் அட்டைகள் சூட்டில் இளக்கித் தகட்டோடு ஒன்றாக்கப்பட்டவை என்பதால் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். அவற்றைச் சுரண்டி எடுக்கக் கூடாது. ஆனால் செங்குத்தாக நிற்கும் கதவுத் தகட்டில் கையால் ஒட்டிய தார் ஷீட், கத்தரி வெயிலில் நிறுத்தப்பட்ட காரில் இளகி, நாறி, மெல்லக் கீழே வழியும். வாங்கும்போது ஒரு மூலையில் காகிதத்தைப் பிரித்து முகர்ந்து பாருங்கள். சாலை போடும் இடத்து வாடை வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பியூட்டைல் ஷீட்டில் கதவுக்கு 2 மி.மீ. கனம் போதுமானது. வெளித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் சேர்த்து ஒரு கதவுக்கு 6 சதுர அடி என்று கணக்கிட்டால், இரண்டு கதவுகளுக்கு 12 சதுர அடி; கூடும் எடை மொத்தமாக மூன்று, நான்கு கிலோதான்.

தேவையான கருவிகள் அதிகமில்லை. ஷீட்டை அழுத்துவதற்குக் கைப்பிடியுள்ள சிறிய ரோலர், கீறாமல் நெம்புவதற்கான பிளாஸ்டிக் பட்டைகள், திருப்புளி, 10 மி.மீ. சாக்கெட், கட்டர் கத்தி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பழந்துணி, தடித்த கையுறை ஆகியவை போதும். கையுறையைத் தட்டிக்கழிக்காதீர்கள், வெட்டிய அலுமினியத் தாளின் ஓரமும் கதவுக்குள் இருக்கும் தகட்டு விளிம்பும் சவர பிளேடுக்குச் சளைத்தவை அல்ல.

வேலை தொடங்கும்போது கண்ணாடியை முழுவதும் மேலே ஏற்றிவிட்டு, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் (−) முனை வயரைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருங்கள். இன்றைய கார்கள் பலவற்றில் பக்கவாட்டு மோதலை உணரும் ஏர்பேக் சென்சார் கதவுக்குள் இருக்கிறது. அதன் இணைப்பைக் கழற்றிய நிலையில் சாவியைத் திருப்பினால், ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கி, சர்வீஸ் சென்டரில் மட்டுமே அணையும் நிலை வரலாம். மஞ்சள் நிற இணைப்புகளை அவசியமில்லாமல் தொடவே வேண்டாம்.

அடுத்து, டோர் பேட், அதாவது கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் பலகை. அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் கண்ணில் படாத இடங்களில்தான் ஒளிந்திருக்கும்: உட்கைப்பிடியின் பின்னால் உள்ள சிறு மூடிக்குள், கதவை இழுத்து மூடப் பிடிக்கும் குழியின் அடியில், சில கார்களில் பவர் விண்டோ சுவிட்ச் பலகைக்குக் கீழே. அவற்றையெல்லாம் எடுத்த பிறகு பேடின் கீழ் விளிம்பில் நெம்புபட்டையை நுழைத்து, ஒரு கிளிப் விடுபடும் ‘டக்’ ஒலி கேட்டவுடன் அடுத்ததற்கு நகருங்கள். ஒலி கேட்காமல் பேட் மட்டும் வளைந்தால், எடுக்காத ஸ்க்ரூ ஒன்று எங்கோ மீதமிருக்கிறது. வலிந்து இழுத்தால் பேடின் முதுகில் கிளிப்பைப் பிடித்திருக்கும் கூடு உடையும், அது தனியாகக் கிடைக்காது. எல்லாக் கிளிப்களும் விடுபட்டதும் பேடை மேல்நோக்கித் தூக்கி, சுவிட்ச் இணைப்பையும் உட்கைப்பிடியின் கேபிளையும் விடுவித்துத் தனியே எடுங்கள். கேபிள் எப்படி மாட்டப்பட்டிருந்தது என்பதைக் கழற்றும் முன்பே கைபேசியில் படம் எடுத்து வைப்பது நல்லது.

பேடை எடுத்ததும், கறுப்புப் பசைக் கயிற்றால் ஒட்டப்பட்ட பிளாஸ்டிக் தாள் ஒன்று தெரியும். பலர் அதைத் தூசித் தடுப்பு என்று நினைத்துக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். கண்ணாடியின் வெளிப்புற ரப்பரைத் தாண்டி ஒவ்வொரு மழையிலும் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்கிறது. அந்தத் தண்ணீர் காருக்குள் வராமல் கதவின் அடியிலுள்ள துளைகள் வழியாக வெளியேறும்படி தடுத்து நிறுத்துவது இந்தத் தாள்தான். பசைக் கயிற்றைக் கத்தியால் நடுவில் அறுத்தபடியே தாளைக் கிழியாமல் பிரித்து, பசையில் தூசி படியாத இடத்தில் தொங்கவிடுங்கள்.

கதவின் உட்புறம் வெளியே தெரிவதைவிட அழுக்காக இருக்கும். முதலில் ஈரத்துணியால் மண்ணைத் துடைத்தெடுத்து, நன்றாக உலரவிட்டு, பிறகு ஆல்கஹால் நனைத்த துணியால், துணி கறுக்காமல் வரும்வரை துடையுங்கள். தின்னர் வேண்டாம், பெயின்ட் இளகும். நிழலில், காலை நேரத்தில் வேலை செய்யுங்கள். வெயிலில் காய்ந்த தகட்டில் பியூட்டைல் பட்டவுடனே பிடித்துக்கொள்ளும், நகர்த்தி வைக்க முடியாது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிரான ஊர்களில் நிலைமை தலைகீழ். அங்கே ஷீட்டை ஹேர் டிரையரால் சற்றுச் சூடாக்கி ஒட்ட வேண்டும்.

உள்தகட்டிலுள்ள பெரிய துளைகள் வழியாகக் கையை நுழைத்துத்தான் வெளித்தகட்டில் ஒட்ட முடியும் என்பதால், ஷீட்டை உள்ளங்கை இரண்டைச் சேர்த்த அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். தகட்டைத் தட்டித் தட்டி, எந்த இடம் அதிகமாக ஒலிக்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். குறுக்கே செல்லும் பாதுகாப்புக் குழாய்க்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள ஒடுக்கமான சந்தில் எதையும் திணிக்க வேண்டாம்; அதற்கு மேலும் கீழும் இருக்கும் அகன்ற பரப்புகளே நமக்கு வேண்டியவை. பாதுகாப்புத் தாளை ஒரேயடியாக உரிக்காமல் ஒரு விளிம்பை மட்டும் உரித்து, அதை நிலைநிறுத்திய பிறகு மீதியை இழுத்துக்கொண்டே ஒட்டினால் ஷீட் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளாது.

அதன் பிறகு ரோலர். உண்மையான வேலை இதுதான். அவசரமாக ஒட்டப்பட்ட கார்களில் கைவிடப்படுவதும் இதுவே. அலுமினியத் தாளின்மேல் வார்க்கப்பட்டிருக்கும் சிறு கட்டங்களின் புடைப்பு மறைந்து, பரப்பு வழவழப்பாகும்வரை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்தி உருட்ட வேண்டும். உள்ளே காற்று சிக்கிக் கொப்புளம் எழுந்தால் கத்தி முனையால் குத்திக் காற்றை வெளியேற்றி மீண்டும் அழுத்துங்கள். இப்போது வெளியே வந்து தட்டினால் ‘டங்’ மறைந்து ‘டொப்’ என்று கேட்கும். அந்த ஒலி வந்துவிட்டால் அந்தப் பகுதிக்கு அதுவே போதும்.

கதவின் அடி விளிம்பிலிருந்து குறைந்தது இரண்டு அங்குலம் விட்டுவிடுங்கள். நான் முதன்முதலாக ஒட்டிய கதவில், மிச்சமிருந்த துண்டுகளை வீணாக்க மனமின்றி அடிவரை கொண்டுபோய் ஒட்டினேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய வாரத்தில், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் இடப்பக்கத்திலிருந்து குடத்தில் தண்ணீர் அலம்புவதுபோல் சத்தம் வந்தது. வடிதுளைகள் மூன்றில் இரண்டை என் ஷீட்டே அடைத்திருந்தது. பேடைக் கழற்றி, ஒட்டிய பியூட்டைலைச் சுரண்டி எடுக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கவனிக்காமல் விட்டிருந்தால் கதவின் அடி துருப்பிடித்திருக்கும். இதே காரணத்தால்தான் பஞ்சையும் சாதாரண ஸ்பாஞ்சையும் கதவுக்குள் வைக்கக் கூடாது என்கிறேன். ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் ஏதாவது வைக்க விரும்பினால், நீரை உறிஞ்சாத ஃபோம் துண்டு ஒன்றை ஒட்டலாம்.

உள்தகட்டில் ஒட்டுவது எளிது. ஸ்பீக்கரைச் சுற்றியுள்ள பகுதிக்கு முதலிடம் கொடுங்கள். பெரிய துளைகளையும் ஷீட்டால் மூடிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஸ்பீக்கரின் கீழ்ஸ்தாயி அதனால் சற்றுத் திடமாகும் என்பது உண்மையே. ஆனால் பவர் விண்டோ மோட்டார் பழுதாகும் நாளில் மெக்கானிக் அந்தப் பசையோடு மல்லாட வேண்டியிருக்கும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை.

பிளாஸ்டிக் தாளைப் பழைய இடத்தில் அழுத்தி ஒட்டுமுன் கண்ணாடியைச் சோதிக்க வேண்டும். சென்சாரையும் சுவிட்சையும் முதலில் இணைத்து, அதன் பிறகே பேட்டரியை இணைத்து, கண்ணாடியை முழுவதும் இறக்கி ஏற்றுங்கள். இறங்கும் வழியில் ஷீட்டின் ஓரம் உரசினால் உடனே தெரிந்துவிடும். பூட்டின் கம்பி தடையின்றி நகர்கிறதா என்றும் பாருங்கள். பிறகு கண்ணாடியை மேலே ஏற்றி, அதன் வெளிப்புறத்தில் ஒரு மக் தண்ணீரை மெல்ல ஊற்றிவிட்டுக் கதவின் அடியைக் கவனியுங்கள். சில நொடிகளில் துளைகளிலிருந்து தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டினால் தாளை ஒட்டலாம். பசைக் கயிறு காய்ந்திருந்தால் புதிய பியூட்டைல் கயிற்றைப் பயன்படுத்துங்கள். பேடைப் பொருத்தும் முன் பேட்டரியை மீண்டும் கழற்றிவிடுவது பாதுகாப்பானது.

கதவுகளுக்கு அடுத்து எங்கே ஒட்டுவது என்று கேட்டால், பின்சக்கர வளைவுகளையும் டிக்கித் தரையையும் சொல்வேன். கார்பெட்டைத் தூக்கினாலே போதும், கான்கிரீட் சாலையின் இரைச்சல் கணிசமாகக் குறையும். முன்பக்கத் தரைக்குச் சீட்டுகளைக் கழற்ற வேண்டும். ஏர்பேக் இணைப்புகள் அங்கும் இருப்பதால் அது அனுபவமுள்ளவர் செய்ய வேண்டிய வேலை. கூரை ஓரத்திலிருந்து விரியும் பக்கத் திரை ஏர்பேக் உள்ள காரில் கூரையை நீங்களாகப் பிரிக்கவே கூடாது. பானட்டுக்கு அடியில் தீப்பிடிக்காத வகை என்று உறுதியாகத் தெரிந்த பொருளைத் தவிர வேறெதையும் ஒட்டக் கூடாது. சதுர மீட்டருக்கு 5 கிலோ எடையுள்ள வினைல் விரிப்பு ஒலியைத் தடுக்கும் வேறு வகைப் பொருள். அதைத் தரைக்கு மட்டும், டேம்பிங் முடிந்த பிறகு யோசிக்கலாம்.

வேலை முடிந்த முதல் வாரத்தில், இதற்குமுன் கேட்டிராத ‘கிடுகிடு’ ஒலிகள் சில எழும். ஷீட் பழுதாகிவிட்டதென்று நினைக்க வேண்டாம். இரைச்சல் குறைந்ததால் டேஷ்போர்டின் பழைய சில்லறை ஒலிகள் இப்போது காதில் விழுகின்றன. ஒலி கதவிலிருந்தே வந்தால், உடைந்த கிளிப் ஒன்றை மாற்றாமல் பேடைப் பூட்டியிருக்கிறீர்கள்; புதிய கிளிப் போட்டு, பேட் தகட்டைத் தொடும் இடத்தில் ஒரு துண்டு ஃபெல்ட் டேப்பை ஒட்டிவிட்டால் அது நின்றுவிடும்.