கருத்தடை முடிந்து வீடு திரும்பும் பூனை: இரக்கத்தால் நேரும் தவறுகள்

பெண் பூனைக்குச் செய்யப்படும் கருத்தடை, ஆண் பூனைக்குச் செய்வதைப் போல மேலோட்டமான சிகிச்சை அன்று. வயிற்றைத் திறந்து, சூலகங்களையும் பெரும்பாலும் கருப்பையையும் சேர்த்து அகற்றிய பிறகு, தசை, தோலடித் திசு, தோல் என்று அடுக்கடுக்காகத் தைத்து மூடுகிறார்கள். நம் கண்ணில் படுவதோ மழித்த வயிற்றில் ஓரிரு விரற்கடை நீளமுள்ள ஒரு தையல் மட்டுமே. அதைப் பார்த்துவிட்டுச் சின்னக் காயம்தானே என்று எண்ணிவிடுவதுதான் முதல் தவறு.

வீட்டுக்கு வந்த அன்று, வாடிப்போய்க் கிடக்கிறதே என்று பூனையைத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைப்பவர்கள் பலர். மயக்க மருந்தின் தாக்கம் முழுமையாக நீங்காத பூனைக்குக் கால்கள் பின்னும். அங்கிருந்து இறங்க முயன்றால் விழும். தரையிலேயே, மின்விசிறிக்கு நேர்கீழாக இல்லாத ஒரு மூலையில், பழைய பருத்திப் புடவையை மடித்துப் போட்டுப் படுக்க வைப்பது போதுமானது. காலையிலிருந்து பட்டினி என்பதற்காக வயிறு நிறையச் சோறும் மீனும் வைத்தால் வாந்தியெடுக்கும். நன்றாக விழித்து நடக்கத் தொடங்கிய பிறகு, வழக்கமான உணவில் கால் பங்கை முதலில் கொடுத்துப் பார்க்கலாம். பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றுப்போக்கை உண்டாக்கும்.

கழுத்தில் மாட்டிவிடும் கூம்புக் காலரைக் கழற்றுவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அந்தத் தவறை நான் செய்திருக்கிறேன். எங்கள் மீனு அந்தக் காலருடன் சுவரில் முட்டி, தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து, பின்னோக்கியே நடந்து திரிந்ததைக் காணப் பொறுக்காமல், மூன்றாம் நாள் இரவு ஒரு மணி நேரம் மட்டும் என்று கழற்றினேன். பூனையின் நாக்கில் உள்நோக்கி வளைந்த முட்கள் உண்டு. அது நக்குவது தோலை அரம் கொண்டு தேய்ப்பதற்கு ஒப்பாகும். நான் அடுப்படியிலிருந்து திரும்புவதற்குள் இரண்டு தையல்கள் அவிழ்ந்து, காயத்தின் ஓரம் சிவந்து ஈரமாகியிருந்தது. மறுநாள் காலை மீண்டும் மருத்துவமனை, மீண்டும் ஊசி. காலருடன் சாப்பிட இயலாவிட்டால், தட்டையான தட்டைச் சிறிது உயர்த்தி வையுங்கள். அதுவும் உதவாவிட்டால் நீங்கள் அருகிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கும் அந்தப் பத்து நிமிடங்களுக்கு மட்டும் கழற்றுங்கள். தையல் பிரிக்கும்வரை, அதாவது பொதுவாக 10 முதல் 14 நாள்வரை, காலர் கழுத்தில் இருந்தே ஆக வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது, வலிக்கிறதே என்று வீட்டிலுள்ள மாத்திரையைக் கொடுப்பது. பாராசிட்டமாலை உடைத்து நச்சுநீக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரையின் ஒரு துண்டுகூட உயிரைப் பறித்துவிடும். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும், ஈறுகள் நீலம் அல்லது பழுப்பு நிறமாகும், முகமும் பாதங்களும் வீங்கும். தெரியாமல் கொடுத்துவிட்டால் ஒரு நிமிடமும் காத்திராமல் மருத்துவரிடம் ஓடுங்கள். இபுப்ரோஃபெனும் ஆபத்தானதே. தண்ணீரில் கலந்தால் வெண்மையாக மாறும் டெட்டால் வகைக் கிருமிநாசினிகளைக் காயத்தில் தடவக் கூடாது. தடவியதைப் பூனை நக்கினால் நஞ்சு. மஞ்சள்தூளும் தேங்காய் எண்ணெயும் நம் காயங்களுக்கு நாம் நம்பும் மருந்துகள்தான் என்றாலும், தையலின் மேல் அவை அழுக்கைச் சேர்ப்பதோடு, நக்கும் ஆசையையும் கூட்டும்.

குளிப்பாட்டுதல், பூனை மலசலம் கழிக்க வைக்கும் தூள் பறக்கும் மண் தட்டு ஆகிய இரண்டையும் தையல் பிரிக்கும்வரை தவிர்க்கலாம். மண்ணுக்குப் பதில் கிழித்த செய்தித்தாள் போதும். நான்காம் நாளே பூனை பழைய துடிப்புடன் பீரோ மேலும் பரண் மேலும் தாவ முயலும். குணமாகிவிட்டது என்று மகிழ்ந்து விட்டுவிடாமல், ஏறத் தோதான நாற்காலிகளை நகர்த்தி, சிறிய அறையொன்றில் வைத்திருங்கள்.

தையலை நாள்தோறும் இருமுறை பார்க்க வேண்டும். அதன் அடியில் சிறு தடிப்பு ஏற்படுவது பெரும்பாலும் இயல்பே. ஆனால் அழுத்தினால் உள்ளே போகும் மென்மையான புடைப்பு, சீழ், துர்நாற்றம், சொட்டும் இரத்தம் ஆகியவற்றுக்கு உடனே மருத்துவரை அணுக வேண்டும். ஈறு வெளிறிப் பூனை துவண்டு கிடந்தால் உள்ளே இரத்தக்கசிவு இருக்கக்கூடும். அது இரவானாலும் காத்திருக்க வேண்டியதன்று. 24 மணி நேரம் எதையும் உண்ணாதிருப்பதையும் கோபம் என்று ஒதுக்காதீர்கள், ஏனெனில் தொடர்ந்து சில நாள் பட்டினி கிடக்கும் பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிந்துவிடும்.

கரையும் நூலால் தைத்திருந்தாலும், தையல் பிரிக்க வேண்டியதில்லை என்று மறுபரிசோதனையைத் தவிர்த்துவிடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் பூனையை எடைபோட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள். கருத்தடைக்குப் பின் உடலுக்குத் தேவையான உணவு குறைகிறது, பசியோ கூடுகிறது, ஆகவே எவ்வளவு கொடுப்பது என்று கேட்கவும் அதுவே ஏற்ற நேரம்.