டிரேட் செய்தி வந்ததும் பொங்குவதற்கு முன்: என்எஃப்எல் புது ரசிகருக்கான செய்முறை

அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லில் ஆட்டம் நடப்பது செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை. ரசிகர்கள் அதிகமாக அடித்துக்கொள்வதோ ஒரு ஆட்டம்கூட இல்லாத மார்ச் மாதத்தில். யாரோ ஒரு நட்சத்திர வீரர் அணி மாறுகிறார். பத்து நிமிடத்தில் ஒரு ஊரில் கொண்டாட்டம், இன்னொரு ஊரில் ஜெர்சிக்குத் தீ. புதிதாகப் பார்க்க வந்தவருக்கு யார் சொல்வது சரி என்றே புரியாது. பல சமயம் இரண்டு பேர் சொல்வதுமே தப்பாக இருக்கும்.

இங்கே சொல்லும் ஃபுட்பால் நம் ஊர்க் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டு ஆடும் அமெரிக்க ஃபுட்பால். கால்பந்து கிளப்புகள்போல இங்கே வீரரைப் பணம் கொடுத்து வாங்குவதில்லை. டிரேட் என்றால் வீரருக்குப் பதில் வீரர், அல்லது டிராஃப்ட் பிக் என்கிற, கல்லூரி வீரரைத் தேர்ந்தெடுக்கும் வரிசை எண். ஒவ்வொரு ரவுண்டிலும் மோசமாகத் தோற்ற அணிக்குத்தான் முதல் வாய்ப்பு. இந்த ஒன்று பிடிபட்டால்தான் மேலே படிக்க முடியும்.

தேவையானவை: ஒரு நோட்டு அல்லது எக்செல் ஷீட், ஒப்பந்த விவரம் பார்க்க ஓவர் தி கேப் அல்லது ஸ்போட்ராக் தளம், அரை மணி நேரம்.

படி 1: செய்தி எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்

ஆடம் ஷெஃப்டர், இயான் ராபபோர்ட் என்ற செய்தியாளர்கள் இருவரும்தான் இந்தச் செய்திகளை முதலில் உடைப்பவர்கள். அதனாலேயே அவர்கள் பெயரில் போலிக் கணக்குகளும் ஏராளம். புரொஃபைல் படம் அதே, பெயர் அதே. கணக்கு முகவரியில் மட்டும் ஒரு எழுத்து மாறியிருக்கும். அதைப் படித்துவிட்டுத்தான் பகிர வேண்டும்.

செய்தி உண்மையே ஆனாலும் அதில் மூன்று நிலை உண்டு. 'பேச்சு நடக்கிறது', 'உடன்பட்டுவிட்டார்கள்', 'அதிகாரப்பூர்வமாக முடிந்தது'. மார்ச் நடுவில் புதிய லீக் வருடம் பிறக்கும் வரை எதுவும் அதிகாரப்பூர்வம் ஆகாது. அது நியூயார்க் நேரம் மாலை 4 மணி, இந்தியாவில் நள்ளிரவு தாண்டி 1.30. அதற்கு இரண்டு நாள் முன்பே ஃப்ரீ ஏஜென்ட்களோடு (ஒப்பந்தம் முடிந்து, எந்த அணிக்கும் போகக்கூடிய வீரர்கள்) பேரம் பேச அனுமதி தருகிறார்கள். கூச்சல் முழுக்க அந்த இடைவெளியில்தான்.

2022-ல் ராண்டி கிரிகோரி டல்லஸ் கௌபாய்ஸிலேயே தொடர்கிறார் என்று அந்த அணியே பதிவு போட்டது. ஒப்பந்த வாசகத்தில் தகராறு வந்து, அதே நாளில் அவர் டென்வர் பிராங்கோஸ் பக்கம் போய்விட்டார். டிரேடில் இன்னொரு கண்டமும் உண்டு: வீரர் புதிய அணியின் மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் எல்லாம் ரத்து.

படி 2: இரண்டு பக்கமும் போனது வந்ததை எழுதுங்கள்

தலைப்புச் செய்தியில் நட்சத்திரத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும். கூடப் போகிற சில்லறைதான் பல நேரம் டிரேடின் உயிர். 2022 மார்ச்சில் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ரஸல் வில்சன் சியாட்டில் சீஹாக்ஸிலிருந்து டென்வருக்குப் போன டிரேடையே கடைசி வரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். பாடம் படிக்க இதைவிட நல்ல டிரேட் சமீபத்தில் இல்லை.

டென்வருக்கு வந்தது: வில்சன், 2022-ன் ஒரு நான்காம் ரவுண்டு பிக்.

சியாட்டிலுக்கு வந்தது: 2022, 2023 இரண்டு வருடத்து முதல் ரவுண்டு பிக்குகள், அதே இரண்டு வருடத்து இரண்டாம் ரவுண்டு பிக்குகள், 2022-ன் ஐந்தாம் ரவுண்டு பிக், கூடவே ட்ரூ லாக், நோவா ஃபேன்ட், ஷெல்பி ஹாரிஸ் என்று மூன்று வீரர்கள்.

'நிபந்தனைக்கு உட்பட்ட பிக்' என்று எங்காவது இருந்தால் அடிக்கோடு போடுங்கள். 2021-ல் கார்சன் வென்ட்ஸை ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் இண்டியானபொலிஸ் கோல்ட்ஸுக்குக் கொடுத்தபோது, 2022-க்கான பிக் இரண்டாம் ரவுண்டு என்றே பேச்சு. ஆனால் அணியின் தாக்குதல் ஆட்டத்தில் 75 சதவீதம் அவர் களத்தில் இருந்தால் அது முதல் ரவுண்டாக மாறும் என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். மாறியது. முதல் நாளே 'வெறும் இரண்டாம் ரவுண்டா' என்று புலம்பிய ஈகிள்ஸ் ரசிகர் அந்த வரியைப் படிக்கவில்லை.

படி 3: பிக்குகளைப் புள்ளியாக மாற்றுங்கள்

1990-களின் தொடக்கத்தில் டல்லஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் காலத்தில் உருவான அட்டவணை ஒன்று இருக்கிறது. முதல் பிக் 3000 புள்ளி, இரண்டாவது 2600, ஐந்தாவது 1700, ஒன்பதாவது 1350, பதினாறாவது 1000, முப்பத்திரண்டாவது 590. நூறாவது பிக் வெறும் 100. இதைவிடத் துல்லியமான புதிய அட்டவணைகள் வந்துவிட்டன; பழையது உச்சியிலுள்ள பிக்குகளுக்கு அதிக விலை போடுகிறது என்ற குறை நியாயமானதே. ஆனாலும் கையால் கணக்குப் போட்டுப் பழக இது போதும்.

அட்டவணை வேலை செய்கிறதா என்று ஒரு தரம் சோதித்துப் பாருங்கள். 2022-ல் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ், டிரென்ட் மெக்டஃபி என்ற வீரருக்காக 21-வது பிக்குக்கு ஏறினார்கள். கொடுத்தவை 29, 94, 121. அட்டவணைப்படி 640 + 124 + 52 = 816. வாங்கியது 800. முப்பது வருடப் பழைய தாள், ஆனாலும் கிட்டத்தட்ட சரியாக இருக்கிறது பாருங்கள். அதில் 29, 121 இரண்டும் டைரீக் ஹில்லை மயாமி டால்ஃபின்ஸுக்குக் கொடுத்து வந்தவை.

இனி வில்சன் டிரேட். அந்த நாளிலேயே தெரிந்த 2022 எண்கள்: முதல் ரவுண்டின் 9-வது பிக் 1350, இரண்டாம் ரவுண்டின் 40-வது 500. அடுத்த வருடத்து பிக் எந்த எண்ணில் விழும் என்று அப்போது தெரியாது. அதனால் ஒரு ரவுண்டு குறைத்து, அந்த ரவுண்டின் நடுவில் வைப்பது வழக்கம். 2023 முதல் ரவுண்டை இரண்டாம் ரவுண்டின் நடுவாக எடுத்தால் 420. இரண்டாம் ரவுண்டை மூன்றாவதின் நடுவாக எடுத்தால் 190. மொத்தம் 2460. ஐந்தாம், நான்காம் ரவுண்டு பிக்குகள் பெரிதாக எதையும் மாற்றாது, விட்டுவிடலாம்.

நடந்தது என்ன? டென்வர் அந்த சீசனில் 5 வெற்றி, 12 தோல்வி. அவர்களுடைய 2023 பிக்குகள் 5, 37 என்று வந்து நின்றன. 1350 + 500 + 1700 + 530 = 4080. மொத்தம் 2460 என்று போட்ட மூட்டை 4080 ஆகிவிட்டது. கொடுத்த அணி எவ்வளவு மோசமாகத் தோற்கிறதோ அவ்வளவு உங்களுக்கு லாபம். அந்த வருடம் சியாட்டில் ரசிகருக்கு டென்வரின் ஒவ்வொரு தோல்வியும் இனித்ததற்குக் காரணம் இதுதான்.

இதைத் திருப்பியும் யோசிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் மைக்கா பார்ஸன்ஸை டல்லஸ், கிரீன் பே பேக்கர்ஸுக்குக் கொடுத்தபோது வந்தவை இரண்டு முதல் ரவுண்டு பிக்குகளும் கென்னி கிளார்க்கும். எதிரணி வலுவானதாக இருந்தால் அதன் முதல் ரவுண்டு பிக் இருபதுகளின் கடைசியில்தான் விழும். பெயரளவில் இரண்டுமே 'முதல் ரவுண்டு'. புள்ளியில் 5-க்கும் 28-க்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

படி 4: சாலரி கேப் கணக்கு

புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இது. ஆற அமரப் படியுங்கள்.

ஒவ்வொரு அணியும் வருடத்துக்கு இவ்வளவுதான் சம்பளக் கணக்கில் காட்டலாம் என்று உச்சவரம்பு உண்டு. 2024-ல் 25.54 கோடி டாலர், 2025-ல் 27.92 கோடி. ஒப்பந்தம் போடும்போது ரொக்கமாகத் தரும் சைனிங் போனஸை ஒரே வருடத்தில் காட்ட வேண்டியதில்லை. அதிகபட்சம் ஐந்து வருடத்துக்குச் சமமாகப் பிரித்து எழுதலாம். பணம் வீரர் பையில் போய்விட்டது, கணக்கில் மட்டும் பாக்கி. வீரர் இடையில் அணியை விட்டுப் போனால் மிச்சப் பாக்கி மொத்தமும் பழைய அணியின் தலையில். அதன் பெயர் டெட் கேப்.

வில்சனுக்கு 2019-ல் சியாட்டில் கொடுத்த சைனிங் போனஸ் 6.5 கோடி. ஐந்து வருடம், வருடத்துக்கு 1.3 கோடி. 2022-ல் டிரேட் செய்தபோது பாக்கி இரண்டு வருடம். 2 × 1.3 = 2.6 கோடி டெட் கேப். சம்பளத்தைப் புதிய அணி பார்த்துக்கொள்ளும், போனஸ் பாக்கி கூடப் போகாது. ஒரு டிரேட் நடக்குமா என்று கேட்டால் முதலில் இந்த எண்ணைத்தான் தேட வேண்டும்.

டென்வர் என்ன செய்தது? அவர் ஒரு ஆட்டம் ஆடும் முன்பே 24 கோடிக்கு மேல் புதிய ஒப்பந்தம் போட்டது. இரண்டே சீசனில், 2024 மார்ச்சில், வெளியே அனுப்பியது. டெட் கேப் 8.5 கோடி: 2024-ல் 5.3, 2025-ல் 3.2. இப்படி இரண்டாகப் பிரிக்க முடிந்தது ஜூன் 1 விதியால். ஒரு அணி வருடத்துக்கு இரண்டு பேரை 'ஜூன் 1-க்குப் பிறகு நீக்கியவர்' என்று முன்கூட்டியே குறித்து, பாக்கியின் ஒரு பகுதியை அடுத்த வருடத்துக்குத் தள்ளலாம். அந்த வருடம் வில்சனை பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் குறைந்தபட்சச் சம்பளமான 12.1 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டது. உறுதியளித்த மீதிச் சம்பளத்தைக் கொடுத்தது டென்வர்.

'ரிஸ்ட்ரக்சர்' (ஒப்பந்தத்தை மாற்றி எழுதுவது) என்ற செய்தியையும் இங்கேயே முடித்துவிடலாம். 'அணிக்காகச் சம்பளத்தைத் தியாகம் செய்தார்' என்று ரசிகர்கள் கண்ணீர் விடுவார்கள். தியாகமெல்லாம் இல்லை. நான்கு வருடம் மீதமுள்ள ஒருவரின் இந்த வருடச் சம்பளம் 2 கோடி என்று வையுங்கள். அதில் 1.8 கோடியை போனஸாக மாற்றி நான்காகப் பிரித்தால் வருடத்துக்கு 45 லட்சம். இந்த வருடக் கணக்கு 20 + 45 = 65 லட்சம். அணிக்கு 1.35 கோடி இடம் கிடைத்தது. வீரருக்கு ஒரு டாலர் குறையவில்லை, பணம் முன்னதாகவே வந்துவிட்டது. அடுத்த மூன்று வருடத்துக்கும் 45 லட்சம் பாக்கி ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

படி 5: மொத்தத் தொகையை நம்பாதீர்கள்

'4 வருடம், 12 கோடி' என்று பார்த்ததும் வாய் பிளக்க வேண்டாம். ஹில்லுக்கு மயாமி போட்டது அப்படி ஒரு ஒப்பந்தம்தான். உறுதியளித்த தொகை சுமார் 7.2 கோடி. கடைசி வருடத்தில் பெரிய தொகையை அடைத்து மொத்தத்தை ஊத வைத்திருந்தார்கள். அந்த வருடம் வருவதற்குள் ஒப்பந்தத்தை மாற்றிவிடுவார்கள் என்பது இரு தரப்புக்கும் தெரியும். மாற்றவும் செய்தார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு: கையெழுத்திடும்போதே உறுதியான தொகை எவ்வளவு, எந்த வருடம் கழற்றிவிட்டால் டெட் கேப் தாங்கும் அளவுக்குக் குறைகிறது.

ஃப்ரீ ஏஜென்ட் யாராவது போய்விட்டால் 'சும்மா விட்டுவிட்டார்கள்' என்ற புலம்பல் வரும். ஒப்பந்தம் முடிந்து போனவர்களின் எண்ணிக்கை வந்தவர்களைவிட அதிகமானால் அடுத்த வருட டிராஃப்டில் மூன்றாம் ரவுண்டிலிருந்து ஏழாம் ரவுண்டு வரையில் இழப்பீட்டு பிக் கிடைக்கும், ஒரு அணிக்கு நான்கு வரை. அணியே நீக்கிய வீரர் இந்தக் கணக்கில் வரமாட்டார்.

படி 6: இப்போது கருத்து எழுதுங்கள்

'உருப்படாத டீல், மேனேஜரைத் துரத்துங்கள்' என்பது கருத்தில்லை, ஏப்பம். இப்படி எழுதிப் பாருங்கள்: 'இன்றைய கணக்கில் சியாட்டிலுக்கு வந்தது சுமார் 2460 புள்ளி, இரண்டாவது பிக்குக்குச் சற்றுக் கீழே. 2.6 கோடி டெட் கேப் இந்த வருடத்தோடு தீர்கிறது. ஆனால் குவாட்டர்பேக் இடம் காலி. லாக் அதை நிரப்புவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.' இதில் கோபமும் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. பதில் சொல்ல வருகிறவரும் எண்ணோடு வர வேண்டியிருக்கும். வீரரின் மனைவி, பிள்ளைகள் பக்கத்தில் போய்த் திட்டுவது அசிங்கம், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அந்த உதாரணக் கருத்தில் லாக்கைப் பற்றிச் சொன்னது சரி, இடம் காலி என்றதுதான் தப்பு. ஏற்கெனவே பெஞ்சில் இருந்த ஜீனோ ஸ்மித் அந்த இடத்தைப் பிடித்து, அந்த சீசனின் சிறந்த மறுவருகை வீரர் விருதையும் வாங்கினார். ஆகவே எழுதுவதற்கு முன் அணியின் டெப்த் சார்ட்டில் (எந்த இடத்துக்கு யார் முதல், யார் மாற்று என்ற பட்டியல்) இரண்டாவது, மூன்றாவது பெயர்களையும் பாருங்கள்.

படி 7: தேதி போட்டு வைத்துத் திரும்பிப் பாருங்கள்

எழுதியதை ஷீட்டில் ஒட்டி, போனில் மூன்று நினைவூட்டல் வையுங்கள்: முதல் சீசன் முடிவு, பிக்குகளில் கடைசியானது டிராஃப்ட் ஆகும் நாள், அதற்கு இரண்டு வருடம் கழித்து. முதல் நினைவூட்டலிலேயே தீர்ப்பு எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். மேத்யூ ஸ்டாஃபர்ட் டிரேட் 2021-ல் நடந்தது. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் இரண்டு முதல் ரவுண்டு, ஒரு மூன்றாம் ரவுண்டு, ஜாரெட் காஃப் ஆகியவற்றை டெட்ராய்ட் லயன்ஸுக்குக் கொடுத்தது. அடுத்த பிப்ரவரியில் ராம்ஸ், இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை வென்றது. டெட்ராய்ட் ஏமாந்தது என்று ஊரே சொன்னது. 2024 ஜனவரியில் அதே காஃப், அதே ஸ்டாஃபர்டை டெட்ராய்ட் மைதானத்தில் பிளேஆஃபில் 24–23 என்று வென்றார். ஷீட்டில் இந்த டிரேடுக்கு நேரே இரண்டு அணிக்கும் டிக் போடலாம். 'வென்றவர்' என்று ஒரே ஒரு கட்டம் மட்டும் வைத்திருந்தால் அதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.