ஹெர்குலிஸ் விமானத்தின் வரலாற்றை அதன் உடலிலேயே படிப்பது எப்படி?

கொரியப் போரின் தேவைகளை உணர்ந்து அமெரிக்க விமானப்படை 1951-இல் கேட்டு, 1954 ஆகஸ்ட் 23 அன்று முதன்முதலாகப் பறந்த, படையினரையும் சரக்கையும் சுமக்கும் சி-130 ஹெர்குலிஸ் விமானத்தின் எந்தத் தலைமுறை உங்கள்முன் நிற்கிறது என்பதை அறிய, முதலில் ஒரு புரொப்பல்லரின் (எஞ்சினின் முன்னே சுழலும் விசிறியின்) அலகுகளை, அதாவது தகடுகளை, எண்ணுங்கள். மூன்று என்றால் தொடக்ககால ‘ஏ’ வகை. நான்கு என்றால் பெரும்பாலும் ‘பி’ முதல் ‘எச்’ வரையிலான வகைகளுள் ஒன்று. வாள்போல் வளைந்த ஆறு என்றால் 1996-இல் பறக்கத் தொடங்கிய ‘ஜே’. ஆயினும் ‘ஏ’ விமானங்கள் பலவற்றுக்குப் பின்னாளில் நான்கு அலகுகளும், ‘எச்’ சிலவற்றுக்கு எட்டும் மாட்டப்பட்டதால், இந்தக் கணக்கை மட்டும் நம்பிவிடக் கூடாது.

அடுத்து, அமெரிக்க விமானப்படையுடையதாயின், தொடர் எண்ணைப் பாருங்கள். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் கொள்முதலின் நிதியாண்டைக் குறிக்கும். வாலில் எழுதுகையில் முதல் இலக்கத்தை விட்டுவிடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தமையால், 57-இல் தொடங்கும் எண் அங்கே 7-இல் தொடங்கும்; அதை எழுபதுகளின் விமானமெனப் பலரும் ஏமாறுவதுண்டு.