ஆண்டுகளை விட்டு வகைகளைச் சேர்த்தது

ரூபாயை நூறு பைசாவாகப் பிரித்த இந்தியத் தசம நாணயங்களை ஆண்டுவாரியாகவும் நாணயச்சாலை முத்திரைவாரியாகவும் (காசு அடிக்கப்பட்ட ஊரைக் காட்டும் சிறு குறி) சேர்ப்பது என் மாதச் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆகவே, மதிப்பு, உலோகம், வடிவமைப்பு ஆகியவற்றுள் ஒன்று மாறினால் மட்டுமே புதிய வகையாகக் கொள்வது என்று வரையறுத்து, 1957 ஏப்ரலில் வெளியான நயா பைசாவிலிருந்து பட்டியலை மீண்டும் எழுதினேன். மும்பையின் வைரக்குறியா, ஹைதராபாத்தின் நட்சத்திரமா என்ற தேடல் அத்துடன் நீங்கியது. அறுகோண அலுமினிய மூன்று பைசா போன்றவை மலிவாகவே கிடைப்பதால், அவற்றில் தேயாத, பளபளப்புக் குறையாத காசுகளையே வாங்கி, மிஞ்சிய தொகையை 1962 முதல் வந்த நிக்கல் ஒரு ரூபாய்க்கு ஒதுக்கினேன்.

தூய நிக்கல் காந்தத்தில் ஒட்டும். 1975இல் தொடங்கிய செம்பு-நிக்கல் ரூபாய் ஒட்டாது. ஆண்டு தேய்ந்திருந்தாலும் இவ்விரு வகைகளைப் பிரித்தறிய இச்சோதனை எனக்குப் போதுமானதாக இருந்தது. வெண்கல நயா பைசாவில்தான் அதிகக் கவனம் தேவைப்பட்டது: புளியாலோ எலுமிச்சையாலோ தேய்த்துப் பளபளப்பாக்கிய காசு இயல்புக்கு மாறான இளஞ்சிவப்பாகத் தெரியும் (விற்பவர்கள் அதையே சிறப்பாகச் சொல்வார்கள்), அதைவிடச் சீராகக் கறுத்த பழுப்புக் காசையே நான் விரும்பி வாங்குகிறேன்.